பத்து எண்ணும் வீடு

அத்தியாயம் 17

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஐந்து பெட்டிகளையும் மேசை மேல் வரிசையாக அடுக்கி வைத்து, "குறை என் கையில இல்லை, அவங்க கையில" என்று அண்ணனிடம் நான் சொல்லிவிட்டு வந்ததோடு போன வாரம் கதையை விட்டேன். சொன்னது வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை, யுன்ஃபேவுக்கு நிச்சயதார்த்தம். நடுவில் இருந்த ஒரு நாளில் என் வாய் கொஞ்சமும் இறங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புதிதாக வந்து உட்கார்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் யின்மெய். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிஞ்சு நகரத்தில் ஒரு சிப் கம்பெனியில் முப்பது வருஷம் ரெகுலேட்டர் சர்க்யூட் வரைந்து ஓய்வு பெற்றவள். அண்ணன் குவாங்ரூங் புரோகிராம் எழுதுகிறவன். அவன் பெண்டாட்டி பாவ்ச்சு, என் அண்ணி. யுன்ஃபே அவர்களுடைய ஒரே பெண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய்க்காக அண்ணியின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் பதினோரு நாள் அவள் உட்கார்ந்து பேசிப் பேசித் தன் குரலைப் பதிந்து வைத்தாள். அந்தக் குரலை உள்ளே வைத்து அண்ணனும் நானும் ஒரு பெட்டி செய்தோம். டிபன் டப்பா அளவுதான். எழுத்துகளைத் தட்டினால் அண்ணியின் குரலிலேயே பேசும். அது நன்றாக அமைந்துபோகவே, அண்ணிக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி, குரல் போன இன்னும் பன்னிரண்டு பேருக்குச் செய்து தரச் சொன்னது. பன்னிரண்டில் ஐந்து, "சில நேரம் விழிக்க மாட்டேன் என்கிறது" என்ற சீட்டோடு திரும்பி வந்துவிட்டன.

கதை புரிந்ததா? இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணி. ஜூதுங் ஊரில் அண்ணன் வீட்டுச் சமையலறை. ஒரு அடுப்பில் செம்பேரீச்சையும் லாங்கான் பழமும் கொதித்துக்கொண்டிருந்தன, மாப்பிள்ளை வீட்டாருக்கு இனிப்புத் தேநீர். வெளியே ஐப்பசிக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. நான் மேசையில் உட்கார்ந்து அண்ணியின் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளினால் முதலில் சிவப்பு விளக்கு. இரண்டு நொடியில் அது பச்சையானால் பெட்டி விழித்துவிட்டது என்று பொருள்.

அண்ணி கருஞ்சிவப்புச் சட்டையில், கழுத்துத் துளையை மறைக்கப் பட்டுத் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கித் தட்டினாள்.

"நாத்தனாரே, எத்தனாவது தடவை?" என்றது பெட்டி.

"நாற்பத்தொண்ணு."

"அடுத்த தடவை போட்டா அது உன்னைத் திட்டும். என்ன திட்டணும்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

அண்ணியின் குரல்தான். ஆனால் பெட்டி சொற்களைக் கோத்துப் பேசும்போது குரல் ஒரே உயரத்தில் போகும். அண்ணியின் நிஜக் குரல் அப்படி இல்லை. தரையில் ஆரம்பித்துக் கூரையைத் தொட்டுவிட்டு வரும். முழு வாக்கியமாகப் பதிந்து வைத்தவை மட்டும்தான் அவள் பேசியது பேசியபடியே இருக்கும்.

அப்படி முழுசாகப் பதிந்ததில் ஒன்று, நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அம்மா சொல்லும் நாலு வரி வாழ்த்து. பதிந்தபோது யுன்ஃபேவுக்கு மாப்பிள்ளையே இல்லை. "மாப்பிள்ளை வரும்போது வரட்டும், குரல் நிக்காது" என்று சொல்லி ஒன்பதாம் நாள் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தாள். நானும் அண்ணனும் அதை இன்றுவரை கேட்டதில்லை. அந்த நாளில்தான் கேட்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. அந்த நாள் வந்துவிட்டது. இன்றைக்கு மட்டும் பெட்டி விழிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துத்தான் நாற்பத்தொரு தடவை.

அண்ணன் வந்தான். கழுத்துப் பட்டையைக் கட்டத் தெரியாமல் கையில் வைத்திருந்தான்.

"ஆஸ்பத்திரியில அஞ்சு பேரும் பொய்யா சொல்றாங்க?" என்று ஆரம்பித்தான்.

"பொய்ன்னு சொல்லலை. பழகத் தெரியலைன்னு சொல்றேன்."

"எதுக்கும் உன் ரெகுலேட்டரை ஒரு தடவை..."

"என் ரெகுலேட்டரைப் பத்தி மட்டும் பேசாதே. ஒவ்வொரு பெட்டியையும் இருநூறு தடவை போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுகூடத் தூங்கலை. உன் புரோகிராம்ல பாரு."

"நானும் மெஷினை வச்சு ஐநூறு தடவை அணைச்சுப் போட வச்சேன். அதுலயும் ஒண்ணும் தூங்கலை."

"அப்புறம் என்ன? அவங்க கைதான்."

ரெகுலேட்டர் என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு காவல்காரன். பேட்டரி தருவதை அப்படியே உள்ளே விடாமல், யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அளந்து விடுகிறவன். நான் போட்டிருப்பது பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கினாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் அளந்து கொடுக்கிற ரகம். இந்தப் பெட்டியில் அப்படி இரண்டு பேர். ஒருவன் மூளைச் சிப்புக்கு, இன்னொருவன் குரல் இருக்கிற நினைவுச் சிப்புக்கும் ஒலிபெருக்கிக்கும். இதில் வரிசை முக்கியம். மூளை முதலில் விழிக்க வேண்டும், வாய் அப்புறம்தான் திறக்க வேண்டும். "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் இது தலைகீழ்" என்று பெட்டி செய்த நாளிலேயே அண்ணி சொன்னாள்.

வாய் கொஞ்சம் பெருந்தீனிக்காரன். எடுத்தவுடன் விட்டால் மொத்தத்தையும் ஒரே வாயில் இழுத்துவிடுவான், மூளைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அவனுடைய காவல்காரனுக்குப் பக்கத்தில் ஒரு அரிசி அளவு கெபாசிட்டர் வைத்திருந்தேன். சின்னப் பானை மாதிரி. அது நிரம்ப நிரம்பத்தான் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். மெதுவாக எழுப்புவது என்று எங்கள் தொழிலில் சொல்வோம். முப்பது வருஷம் சோறு போட்ட வித்தை. அதில் போய்த் தப்பு வருமா?

அண்ணன் தன் போனை எடுத்து அண்ணியிடம் நீட்டினான்.

"எதுக்கும் இருக்கட்டும்னு நாலு வரியையும் இதுல எழுதி வச்சிருக்கேன். பெட்டி தூங்கினா இது பேசும்."

போன் பேசியது. பளிங்குத் தரை மாதிரி ஒரு பெண் குரல். அண்ணி கடைசி வரை கேட்டுவிட்டுத் தட்டினாள்.

"யாரு இவ? விமானம் தாமதம்னு சொல்வாளே, அவளா? என் பொண்ணுக்கு இவ வந்து வாழ்த்து சொல்லணுமா?"

"அவசரத்துக்குத்தான்."

"அவசரத்துக்கு உன் தங்கச்சி இருக்கா. பெட்டி விழிக்கலைன்னா அவளையே மணையில உக்கார வச்சுடுவேன்."

அண்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகும்போது என் பக்கம் குனிந்து, "நேத்து அந்த விடைபெறுகிற வார்த்தையை எடுத்துட்டேன்" என்றான்.

பெட்டியை அணைக்கும்போது "சரி, வரட்டுமா, அப்புறம் பாக்கலாம்" என்று அண்ணியின் குரல் சொல்லும்படி வைத்திருந்தோம். நிச்சயதார்த்த வீட்டில் யாரும் விடைபெறக் கூடாது. அப்புறம் பார்க்கலாம் என்றால் இன்னொரு நிச்சயதார்த்தம் நடக்கும் என்று பொருளாகிவிடும். அதனால் எடுத்துவிட்டான்.

"எடுக்கும்போது உள்ள ஒண்ணு பார்த்தேன்" என்றான்.

"என்ன?"

"சாயங்காலம் சொல்றேன். நீ இப்பவே ஒரு மாதிரி இருக்கே."

நாற்பத்திரண்டாவது தடவை அணைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணினேன். பத்து வந்ததும் போட்டேன். சிவப்பு, பச்சை.

இந்தப் பத்து எண்ணுகிற பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் இன்றைய கதை நிற்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நான் படிப்பை முடித்துக் கணினித் திரை செய்கிற தொழிற்சாலையில் இளநிலை எஞ்சினியராகச் சேர்ந்திருந்தேன். பாவ்ச்சு அங்கே சோதனை வரிசையில் இருந்தாள். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு திரையையும் போட்டுப் பார்த்து, அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் திரைகளுக்குள் இருந்தது சின்னப் பானை இல்லை, அண்டா. அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். அது வடியத்தான் பத்து.

மற்ற பெண்கள் மனதுக்குள் எண்ணுவார்கள். பாவ்ச்சு வாய்விட்டு எண்ணுவாள். நாற்பது பெண்கள், பெல்ட் சத்தம், மேலே மின்விசிறிகள், எல்லாவற்றையும் தாண்டி அவள் குரல் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போகும். ஒன்றிலிருந்து ஆறு வரை விறுவிறு என்று ஏறுவாள். ஏழை மட்டும் இழுப்பாள். "ஏ...ழு." அந்த இழுப்பில் ஒரு வாய் தேநீர் குடிக்கலாம். அப்புறம் எட்டு, ஒன்பது, பத்து. கொஞ்ச நாளில் நாற்பது பேரும் அவள் எண்ணுவதற்குத்தான் சுவிட்சைப் போட்டார்கள்.

ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வாசல் வரை வந்தான். டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றான்.

"என்னண்ணா?"

"அந்த ஏழு யாரு?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் விஷயம். அடுத்த வருஷம் அந்த ஏழு என் அண்ணியாக வந்துவிட்டது. தொழிற்சாலையில் வா, போ என்று பேசிய வாய் மாறவில்லை, அண்ணி ஆன பிறகும் அவளை நான் கூப்பிடுவது நீ என்றுதான்.

வந்தவள் பத்தையும் கூடவே கொண்டுவந்தாள். டிவி, ரைஸ் குக்கர், ஸ்கூட்டர், எது நின்றாலும் எங்கள் வீட்டில் பத்து எண்ணாமல் யாரும் மறுபடி போட மாட்டோம். யுன்ஃபே எண் கற்றதே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஏழை இழுத்து எண்ணி டீச்சரிடம் திட்டு வாங்கினாள்.

இதையெல்லாம் சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி வந்த முதல் புத்தாண்டு. சமையலறையில் அவள் கூப்பிட்ட சத்தத்தில் எங்கள் பெரியப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டுவிட்டார். உறவெல்லாம் கூடியிருந்த இடத்தில் நான் சொன்னேன்: "அண்ணி, உன் தொண்டையில ஒரு கெபாசிட்டர் வைக்கணும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறட்டும். எடுத்தவுடனே இப்படிக் கத்தினா இந்த வீடு தாங்காது."

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள், பாதி. அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் குரல் ஒரு படி இறங்கிவிட்டது. புதுப் பெண் அடங்கிவிட்டாள் என்று எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

ஆபரேஷன் முடிந்து அவள் வாயைத் திறந்து காற்று மட்டும் வந்த காலையில் அது நினைவுக்கு வந்தது. பிறகு போகவே இல்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நான் இன்னும் கேட்கவில்லை. பெட்டி செய்து கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒன்பதே முக்காலுக்கு வந்தார்கள், ஆறு கார், பன்னிரண்டு சீர்த் தட்டு. மாப்பிள்ளை போலின் அடக்கமான பையன். அவன் அம்மா அடக்கத்துக்கும் சேர்த்து ஓடியாடுகிறவர். நல்ல மனசு, நிற்காத கை. வந்து பத்து நிமிஷத்தில் எங்கள் வீட்டு நாற்காலிகளை இரண்டு தடவை இடம் மாற்றிவிட்டார்.

யுன்ஃபே இனிப்புத் தேநீர் கொடுத்தாள். பிறகு உயரமான நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, குட்டி முக்காலி மேல் கால் வைத்துக்கொண்டாள். போலின் மோதிரத்தை எடுத்தான். நான் அவள் காதோரம் போய், "விரலை மடக்கிக்கோ. மோதிரம் அடி வரைக்கும் போயிட்டா, வாழ்நாள் பூரா மாமியார் கைதான் ஓங்கும்" என்றேன். யுன்ஃபே மடக்கினாள். மோதிரம் பாதியில் நின்றது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் எங்க அத்தை இதையேதான் சொன்னாங்க" என்று சிரித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

பிறகு அவர் மருமகளுக்குச் சங்கிலி போட்டுவிட்டு அண்ணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல நேரம் பதினொரு மணிக்கு முடிகிறது. பத்தே முக்கால். அண்ணி நாலு வரி சொல்ல வேண்டிய இடம். அவள் பெட்டியை மேசை மேல் வைத்து, பச்சை விளக்கைப் பார்த்து, என்னைப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

"போட்டோவுல இது மறைக்குது, கொஞ்சம் தள்ளி வச்சுக்கட்டுமா?" என்று சம்பந்தியம்மாவின் கை பெட்டி மேல் போயிற்று. வளையல் சுவிட்சில் மாட்டியது. விளக்கு அணைந்தது.

"அடடா, எதையோ தொட்டுட்டேன்" என்று அதே வேகத்தில் போட்டார்.

சிவப்பு. இரண்டு நொடி, மூன்று நொடி. சிவப்புதான்.

அணைத்தார், போட்டார். சிவப்பு. அணைத்தார், போட்டார். டக், டக். டக், டக். கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. அண்ணி எழுத்துகளைத் தட்டினாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, கழுத்துப் பட்டுத் துணி மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

யுன்ஃபே நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தாள். "அத்தை" என்றாள்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சுவிட்சை அணைத்தான். போடாமல் நின்றான். அவன் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வரைக்கும்தான் போனான். சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை, எட்டிக் கைநீட்டி, "இருங்க சம்பந்தி, நானே போடறேன்" என்று போட்டுவிட்டார்.

சிவப்பு.

"எண்ணாம போட்டுட்டீங்களே" என்றான் அண்ணன்.

"எண்ணணுமா? யாரும் சொல்லலையே. எங்க வீட்டுல அணைச்சா உடனே போடுவோம். எல்லாரும் அப்படித்தானே?"

எல்லோரும் அப்படித்தான்.

இருநூறு தடவை நான் போட்டேன், இருநூறிலும் பத்து எண்ணினேன். அண்ணன் மெஷினை ஐநூறு தடவை போட வைத்தான். அந்தப் புரோகிராமில் நடுவே பத்து நொடி நிற்கச் சொல்லி அவன் எழுதியிருப்பான், யாரும் சொல்லாமலே எழுதியிருப்பான். இரண்டு வருஷமாக அண்ணி தினமும் போடுகிறாள். அவளுடைய பத்துதான் அது, அவள் எண்ணாமல் இருப்பாளா? உலகத்தில் எங்கள் ஒரு குடும்பத்தைத் தவிர யாரும் எண்ணுவதில்லை. நாங்கள் எங்களையே சோதித்துக்கொண்டு, பெட்டி சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சின்னப் பானை. நிரம்புவதை மட்டும் பார்த்தேன், காலியாவதைப் பார்க்கவில்லை. அணைத்த பிறகு அது சொட்டுச் சொட்டாக வடிய ஏழெட்டு நொடி ஆகும். அதற்குள் மறுபடி போட்டால் பானை ஏற்கெனவே நிரம்பி இருக்கிறது, கதவு ஒரே அடியாகத் திறந்துகொள்கிறது. மூளை விழிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டு மொத்தத்தையும் விழுங்கிவிடுகிறது. என் கெபாசிட்டர். என் தப்பு. குரல் போன ஐந்து பேர் சீட்டு எழுதிச் சொன்னார்கள், நான் அவர்கள் கையைக் குறை சொன்னேன்.

நான் மேசைக்குப் போனேன்.

"சம்பந்தியம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்றேன். கூடத்துக்கே கேட்கும்படி சொன்னேன். "பெட்டியில தப்பு. அதைச் செஞ்சவ நான். ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்தவங்க மேலயும் தப்பு இல்லை. அண்ணா, கேட்டுக்கோ, நான்தான்."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். வேறு நாளாக இருந்தால் ஒரு மாசத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பான்.

சுவிட்சை அணைத்தேன். சம்பந்தியம்மாவின் கையை எடுத்து என் கைக்குள் பிடித்துக்கொண்டேன், அது சும்மா இருக்காது என்பதால்.

"ஒண்ணு" என்றேன் வாய்விட்டு.

"ரெண்டு" என்று அண்ணனும் சேர்ந்துகொண்டான்.

மூன்றுக்கு யுன்ஃபேவின் குரலும் வந்துவிட்டது, பாதி மோதிரத்தோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நான்குக்கு மாப்பிள்ளை. இது எங்கள் குடும்பத்துச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, ஐந்தில் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் எழுந்து நின்று மரியாதையாக எண்ண ஆரம்பித்தார்கள். ஆறு கூடம் முழுக்க ஒலித்தது.

ஏழு வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் பழக்கம், இழுத்தோம். மாப்பிள்ளை வீட்டார் தெரியாமல் எட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து எங்களோடு இழுத்தார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. முகவாய் மேலே போயிருந்தது, பெல்ட்டுக்கு முன்னால் நின்ற நாட்களில் போனது போலவே. சத்தம் மட்டும்தான் இல்லை.

எட்டு. ஒன்பது. பத்து.

போட்டேன். சிவப்பு. பச்சை.

அண்ணி ஒரே ஒரு விசையை அழுத்தினாள்.

"இனிப்புத் தேநீர் குடிச்ச வாய் எந்நாளும் இனிக்கணும்,
எடுத்து வச்ச நாலு காலும் ஒரே வாசல்ல நிலைக்கணும்,
பனி கொட்டும் மாசத்துலயும் அடுப்பு கதகதன்னு இருக்கணும்,
பல்லு போன வயசுலயும் சண்டை போட்டுச் சிரிக்கணும்."

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன். ஒரு படி இறங்கிய குரல் இல்லை அது. தொழிற்சாலைக் கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் போன குரல், முழு உயரத்தோடு. கடைசிச் சொல்லில் மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். யுன்ஃபே "அம்மா" என்று எழுந்து ஓடிவந்தாள். மணப்பெண் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. யாரும் தடுக்கவில்லை. சம்பந்தியம்மா என் கையை நசுக்கிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

பெட்டி இன்னும் நிற்கவில்லை. ஒரு நாற்காலி நகரும் ஓசை. பிறகு அதே குரல், யாரையோ கதவுப் பக்கம் கூப்பிடுகிற மாதிரி:

"யின்மெய், நிறுத்திடலாம். பதிஞ்சாச்சு." கொஞ்சம் இடைவெளி. அப்புறம் தயங்கித் தயங்கி, "சத்தம் ரொம்பப் போயிடுச்சா?"

அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு நிறுத்தச் சொன்னது மட்டும்தான் கேட்டது. போய் மெஷினை நிறுத்தினேன், பதில் சொல்லவில்லை. யாரும் கேட்டுப் பார்க்காததால் வால் பகுதி வெட்டப்படாமல் அப்படியே இருந்திருக்கிறது.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நல்ல சிரிப்புதான். அண்ணி சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இல்லை அண்ணி" என்றேன். "சத்தம் சரியாத்தான் இருக்கு. எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு."

விருந்து ஒன்றரைக்கு முடிந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பின் ஒருவராக, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். சம்பந்தியம்மாவுக்குத்தான் சிரமம். வாசல் வரை போய் மூன்று தடவை திரும்பிப் பார்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு காரில் ஏறினார்.

நான் சமையலறையில் ஐந்து பெட்டிகளையும் திறந்து வைத்து உட்கார்ந்தேன். அணைத்த கணமே அந்தப் பானையைக் கவிழ்த்துவிட ஒரு சின்ன டிரான்சிஸ்டர் சுவிட்ச் போதும், பெட்டிக்கு ஒன்று. திங்கட்கிழமை நானே எடுத்துக்கொண்டு போய் அந்த ஐந்து பேரிடமும் நேரில் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற மற்ற ஏழு பெட்டிகளையும் வாங்கி வர வேண்டும்.

அண்ணி வந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்திருந்தாள். தன் பெட்டியை என் முன்னால் வைத்தாள்.

"இதுக்கும் வைக்கணும்" என்றேன்.

அவள் தட்டினாள். "இதுக்கு வேண்டாம். எனக்கு எண்ணத் தெரியும்."

பின்னால் அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான். இன்னும் கழுத்துப் பட்டை கட்டவில்லை.

"காலைல சொன்னேனே, உள்ள ஒண்ணு பார்த்தேன்னு" என்றான். "பதினோரு நாள் பதிஞ்சான்னுதானே நினைச்சுட்டிருந்தோம்? பன்னெண்டாவது நாளும் இருக்கு. ஆபரேஷன் அன்னிக்கு, காலைல நாலு மணிக்கு. ஒரே ஒரு பதிவு. நான் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"அதுக்கு இவ வச்ச பேரு 'யின்மெய்க்கு, கெபாசிட்டர்'."

நான் அண்ணியைப் பார்த்தேன். முப்பத்து நாலு வருஷம். அவள் மறக்கவே இல்லை.

அவள் பெட்டியை அணைத்தாள், என் பக்கம் தள்ளினாள், அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

பழக்கம் விடுமா? எண்ண ஆரம்பித்தேன். ஏழை இழுத்தேன், அவள் இழுக்கிற மாதிரியே. பத்து வந்தது. விரல் சுவிட்ச் மேலேயே இருந்தது.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.